குழந்தைகளின் எலும்பும் இன வேறுபாடும்: ஓர் அளவீட்டின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்னர் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் திடலில் ஓடிப்பிடித்து விளையாடும்போது விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்து அவன் பள்ளிக்குத் திரும்பிய நாளில் அவனுடைய தந்தையும் உடன் வந்திருந்தார். கையில் ஒரு கடிதம். ஆறாம் ஆண்டு முடியும்வரை மகனுக்கு உடற்கல்விப் பாடத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்.

"நம்ம இனத்துப் பிள்ளைங்களுக்கு இயற்கையிலேயே எலும்பு பலம் குறைவுங்க டீச்சர். ஒரு பத்திரிகையில படிச்சேன். மத்தப் பிள்ளைங்க மாதிரி நம்ம பிள்ளைங்க விழுந்து எழுந்திரிக்க முடியாது" என்றார்.

அவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. ஆய்வுக் கட்டுரை, பத்திரிகை என்று அவர் சொன்னதும் வாயடைத்து நின்றேன். கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தேன். அந்த மாணவன் பள்ளியை விட்டுச் செல்லும்வரை உடற்கல்வி நேரங்களில் மண்டபத்துப் படிக்கட்டில் அமர்ந்து, நண்பர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சி நெடுநாள் என் மனத்தை உறுத்தியது. தந்தை சொன்னது உண்மைதானா? இனத்துக்கு இனம் குழந்தைகளின் எலும்பு வேறுபடுகிறதா? வேறுபடுமாயின் அதன் பொருள் என்ன? இவ்வினாக்களுக்கு விடை தேடியபோது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு கண்முன் விரிந்தது. அதனையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

வெள்ளையரின் நோயாக இருந்த காலம்

குழந்தைகளின் எலும்பு மென்மையாகிக் கால்கள் வில்லாய் வளையும் நோய்க்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். இன்று இந்நோயைக் கருநிறத் தோலுடைய குழந்தைகளோடு இணைத்துப் பேசுவோர் பலர். ஆனால், தொடக்கத்தில் இதற்கு ஐரோப்பாவில் வழங்கிய பெயரே 'ஆங்கிலேயர் நோய்' என்பதுதான். 1650ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் பிரான்சிஸ் கிளிசன் இந்நோயைப் பற்றி விரிவான நூல் ஒன்றை இலத்தீனில் வெளியிட்டார். தொழிற்புரட்சிக்குப் பின்னர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நகரங்களின் குறுகிய சந்துகளிலும் புகை மண்டிய தெருக்களிலும் இந்நோய் பெருகியது. கால் வளைந்த வெள்ளைக் குழந்தைகள் கிளாஸ்கோ நகரில் அன்றாடக் காட்சியாயினர்.

1822இல் போலந்து மருத்துவர் செனியாடெக்கி ஒரு செய்தியைக் கவனித்தார். வார்சா நகரக் குழந்தைகளுக்கு வரும் இந்நோய் சுற்றியுள்ள சிற்றூர்க் குழந்தைகளுக்கு வருவதில்லை. இரு சாராரும் ஒரே இனத்தவர். வேறுபாடு வெயிலில்தான் இருந்தது. 1890இல் தியோபால்டு பாம் என்னும் மருத்துவர் இதே கருத்தை இன்னும் விரிவாக எடுத்துரைத்தார். அவர் சமயப் பணியாளராக ஜப்பானில் பணியாற்றியவர். அங்கே அரிதாக இருந்த ரிக்கெட்ஸ் பிரிட்டனின் நகரங்களில் மலிந்து கிடப்பதைக் கண்டு வியந்தார். பல நாடுகளில் பணியாற்றிய மருத்துவர்களிடம் கடிதம் வழியாகச் செய்தி திரட்டி, சூரிய ஒளிக் குறைவே முதன்மைக் காரணம் என்று எழுதினார். அன்றைய மருத்துவ உலகம் அவருக்குச் செவிசாய்க்கவில்லை.

ஐரோப்பியக் குழந்தையின் எலும்பு வளைந்தபோது ஐரோப்பிய இனத்துக்கே எலும்பு பலவீனம் என்று யாரும் முடிவு கட்டவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். வீடு, காற்று, உணவு, ஒளி ஆகியவற்றிலேயே காரணத்தைத் தேடினர். அதே நோய் பிற இனக் குழந்தைகளிடம் தோன்றியபோது கேள்வியே மாறிப்போனது.

நியூயார்க், 1917

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் கறுப்பினக் குழந்தைகளிடையே ரிக்கெட்ஸ் மிகுந்திருந்தது. இது அவ்வினத்தின் இயற்கைக் குறை என்று எண்ணியோர் பலர். குழந்தை மருத்துவர் ஆல்பிரட் ஹெஸ், அந்நகரின் கொலம்பஸ் ஹில் வட்டாரத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்குக் காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தார். அதன் முடிவுகளை 1917இல் வெளியிட்டார். எண்ணெயைத் தொடர்ந்து சில மாதங்கள் உட்கொண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் நோயிலிருந்து தப்பினர். உட்கொள்ளாத குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோரிடமும் நோயின் அறிகுறிகள் தோன்றின.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் விடைகள் கிடைக்கத் தொடங்கின. 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியைக் குழந்தைகள்மீது படச் செய்து ரிக்கெட்ஸைக் குணப்படுத்திக் காட்டினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மற்றக் கையின் எலும்பும் சேர்ந்தே குணமடைந்தது. ஒளி தோலில் பட்டு உருவாகும் ஏதோ ஒரு பொருள் உடல் முழுவதும் செல்கிறது என்பது இதனால் விளங்கியது. போரால் நலிந்த வியன்னா நகரில் ஹாரியட் சிக் என்னும் பெண் அறிவியலாளரும் அவர் குழுவினரும் 1919 முதல் 1922 வரை குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள், மீன் எண்ணெயும் வெயிலும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று உறுதிசெய்தன. 1922இல் அமெரிக்காவின் மக்காலம் அந்த எண்ணெயில் இருந்த சத்தினைத் தனியே இனங்கண்டார். அதுவே வைட்டமின் டி.

கருநிறத் தோலில் மெலனின் என்னும் நிறமி மிகுதி. அதனால் அதே அளவு வைட்டமின் டி உருவாக, கூடுதல் நேரம் வெயில் தேவைப்படும். இது உண்மையே. ஆயினும், வெயில் தாராளமாய்க் கிடைத்த ஊர்களில் வாழ்ந்த கருநிறத்தவருக்கு அது ஒரு குறையாக இருந்ததில்லை. ஒளி நுழையாத வடநாட்டுக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த பின்னரே அது துன்பமாயிற்று. தோல் மாறவில்லை; வாழ்ந்த இடம்தான் மாறியது.

கிளாஸ்கோவில் மீண்டும்

இந்த வரலாற்றில் நம் தெற்காசியக் குழந்தைகள் நுழையும் இடம் இதுதான். உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசு செயற்கை வெண்ணெயாகிய மார்ஜரினில் வைட்டமின் டி சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. குழந்தைகளுக்கான பால் மாவிலும் அது சேர்க்கப்பட்டது. வெள்ளைக் குழந்தைகளிடையே ரிக்கெட்ஸ் ஏறக்குறைய மறைந்தது. நோய் ஒழிந்தது என்று எல்லோரும் எண்ணியிருந்த வேளையில், 1962இல் டன்னிகன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் ரிக்கெட்ஸ் இருப்பதாக அறிவித்தனர். பின்னர் இங்கிலாந்தின் பிற நகரங்களிலும் இந்திய, பாகிஸ்தானிய, வங்காளக் குடும்பத்துக் குழந்தைகளிடம் இது கண்டறியப்பட்டது. உடனே அதற்கு 'ஆசிய ரிக்கெட்ஸ்' என்று ஒரு பெயரும் சூட்டப்பட்டது.

காரணங்கள் பலவாக இருந்தன. வடக்கு நாட்டின் மங்கிய வெயில் ஒன்று; உடலை மூடும் உடை ஒன்று; சப்பாத்தி மாவில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் கால்சியத்தை உடலில் சேரவிடாமல் தடுப்பது மற்றொன்று. இவையனைத்திற்கும் மேலாக, அரசு வைட்டமின் சேர்த்த மார்ஜரினை இக்குடும்பங்கள் அதிகம் உண்ணவில்லை. அப்படியானால், அவர்கள் நாள்தோறும் உண்ணும் சப்பாத்தி மாவில் அச்சத்தைச் சேர்த்திருக்கலாமன்றோ? அவ்வாறு செய்ய வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது; ஏற்கப்படவில்லை. வெள்ளைக் குழந்தைகளுக்கு நோய் வந்தபோது உணவில் சத்துச் சேர்த்த அரசு, ஆசியக் குழந்தைகளுக்கு நோய் வந்தபோது 1981இல் 'ரிக்கெட்ஸை நிறுத்துவோம்' என்னும் பரப்புரையைத் தொடங்கி, அக்குடும்பங்கள் தங்கள் பழக்கவழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. இதனை அன்றே பலர் கண்டித்தனர்.

கிளாஸ்கோ நகரம் வேறு வழியில் சென்றது. 1979 முதல் அங்கே ஆசியக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி இலவசமாக வழங்கப்பட்டது. ரிக்கெட்ஸ் நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஆசியக் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது என்று 1985இல் வெளிவந்த மதிப்பீடு காட்டியது. குழந்தைகள் அதே இனத்தவர்தாம். ஒரு சிறு துளி மருந்தில் தீர்ந்துபோகும் குறை, இனத்தின் குறையாக இருக்க முடியுமா?

எலும்பை எடை போட்டவர்கள்

இதுவரை கூறியது நோயைப் பற்றியது. நோயற்ற குழந்தைகளின் எலும்பில் இன வேறுபாடு உண்டா என்பது தனிக் கேள்வி. இதற்கான தேடலும் நீண்டதே.

1960இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த உடற்கூறியல் பேராசிரியை மில்ட்ரெட் டிராட்டரும் அவருடைய குழுவினரும், இறந்தோரின் எலும்புகளை எடையிட்டு, கறுப்பினத்தவரின் எலும்புகள் வெள்ளையரின் எலும்புகளைவிட அடர்த்தி மிக்கவை என்று வெளியிட்டனர். உயிருடன் இருப்போரின் எலும்பை அளக்க அப்போது நல்ல கருவி இல்லை. 1963இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் கேமரனும் சோரன்சனும், கதிர்களை எலும்பினூடே செலுத்தி அதில் உள்ள தாதுப் பொருளைக் கணக்கிடும் முறையைக் கண்டறிந்தனர். அதன் வழிவந்த டெக்ஸா என்னும் கருவி 1987இல் பயன்பாட்டுக்கு வந்தது. குறைந்த கதிர்வீச்சில் சில நிமிடங்களில் அளந்துவிடும் என்பதால் குழந்தைகளையும் அளக்கத் தொடங்கினர்.

1991இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் விசென்டே கில்சான்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. 2 வயது முதல் 20 வயதுவரையுள்ள 75 கறுப்பினச் சிறுமியரையும் 75 வெள்ளையினச் சிறுமியரையும் எடுத்துக்கொண்டு, முதுகெலும்பின் அடர்த்தியைச் சி.டி. படம் வழியாக அளந்தனர். பருவமடைவதற்கு முன்னர் இரு சாராரிடையேயும் வேறுபாடு இல்லை. பருவமடையும் காலத்தில் கறுப்பினச் சிறுமியரின் அடர்த்தி 34 விழுக்காடும், வெள்ளையினச் சிறுமியரின் அடர்த்தி 11 விழுக்காடும் உயர்ந்தது. ஆக, வேறுபாடு என்பது கற்பனையன்று. மரபுக்கும் அதில் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மிடம் வரும் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் அவ்வேறுபாடு தென்படவில்லை என்பதும், எலும்பு பெருகும் காலம் இனிமேல்தான் வரவிருக்கிறது என்பதும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியவை.

நிழலை அளக்கும் கருவி

டெக்ஸா கருவியைக் கொண்டு ஆசியக் குழந்தைகளை அளந்தபோது, பல இடங்களில் வெள்ளைக் குழந்தைகளைவிடக் குறைந்த எண்களே வந்தன. 'ஆசியருக்கு எலும்பு அடர்த்தி குறைவு' என்னும் பேச்சு பரவ இதுவும் ஒரு காரணம். என்னிடம் கடிதம் கொடுத்த தந்தை படித்ததும் இத்தகைய செய்தியாகவே இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே களிமண்ணில் இரண்டு கனசதுரங்கள் செய்வோம். ஒன்றின் பக்கம் 2 செ.மீ.; மற்றொன்றின் பக்கம் 3 செ.மீ. ஒரு கன சென்டிமீட்டர் மண் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டியின் எடை 8 கிராம். இரண்டாவதன் எடை 27 கிராம். இரண்டும் ஒரே மண், ஒரே அடர்த்தி. இப்போது எடையைக் கன அளவால் வகுக்காமல், சுவரில் விழும் நிழலின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். முதற்கட்டிக்கு 8ஐ 4ஆல் வகுக்க 2 கிடைக்கும். இரண்டாவதற்கு 27ஐ 9ஆல் வகுக்க 3 கிடைக்கும். சிறிய கட்டி அடர்த்தி குறைந்தது போலத் தோன்றுகிறது!

டெக்ஸா செய்வதும் இதுதான். அது எலும்பின் ஆழத்தைப் பார்ப்பதில்லை. நிழற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. ஆகவே உருவத்தில் சிறிய குழந்தையின் எலும்பு, எவ்வளவு உறுதியாக இருந்தாலும், குறைந்த எண்ணையே காட்டும். 1996இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஆசிய, வெள்ளையின இளையோரை ஒப்பிட்டு, இவ்விரு சாராரிடையே காணப்படும் வேறுபாடு பெரும்பாலும் எலும்பின் அளவு வேறுபாடாகவே இருக்கலாம் என்று எழுதினர். நியூசிலாந்தில் பல இனத்தவரை ஒப்பிட்டு 1995இல் வெளிவந்த ஆய்வும் உயரத்தைக் கணக்கில் சேர்த்தபோது வேறுபாடுகள் சுருங்குவதையே காட்டியது.

இதனால்தான் இன்று குழந்தை மருத்துவத்தில் டெக்ஸா எண்ணை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்கு எலும்புச் சிதைவு என்று முடிவு செய்யக்கூடாது என்பது விதியாகியுள்ளது. உயரத்திற்கேற்ப எண்ணைத் திருத்த வேண்டும். குழந்தைக்கு ஏற்கெனவே எத்தகைய முறிவுகள் ஏற்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான முறிவு அபாயக் கணக்கீட்டில்கூட இனம் என்னும் கட்டத்தை நீக்கிவிடலாம் என்று 2024இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது.

அடர்த்தி குறைந்தால் முறியுமா?

எண் குறைந்தால் எலும்பு முறிந்துவிடும் என்பதும் அவ்வளவு எளிய உண்மையன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கெனேபா என்னும் ஊர் உள்ளது. ஆன் பிரென்டிஸ் என்னும் பிரிட்டிஷ் அறிவியலாளர் அங்கே பல்லாண்டுகள் எலும்பு ஆய்வு நடத்தினார். அவ்வூர்க் குழந்தைகள் நாளொன்றுக்குப் பெறும் கால்சியம் ஏறத்தாழ 300 மில்லிகிராம் மட்டுமே. மேற்கத்திய நாடுகள் பரிந்துரைக்கும் அளவில் பாதிகூட இல்லை. எலும்பின் தாது அளவும் குறைவு. ஆயினும் முதுமையில் எலும்பு முறிவு அங்கே அரிது.

1990களில் 8 முதல் 12 வயதுவரையுள்ள 160 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு ஓராண்டு கால்சியம் மாத்திரை வழங்கப்பட்டது. எலும்பில் தாது அளவு கூடியது, எல்லோரும் மகிழ்ந்தனர். ஆனால் ஆய்வாளர்கள் அத்துடன் நிறுத்தாமல் அக்குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தனர். மாத்திரை உட்கொண்ட சிறுவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 மாதங்கள் முன்னதாகவே வேகமாக வளரும் பருவத்தை எட்டினர்; முன்னதாகவே வளர்ச்சி நின்று, இறுதியில் சுமார் 3.5 செ.மீ. குட்டையாயினர். 2012இல் வெளிவந்த இம்முடிவு, மருத்துவர் ஆலோசனையின்றிப் பிள்ளைகளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஒரு மக்கள் குழுவுக்கு வகுத்த அளவுகோல் மற்றொரு குழுவுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஒரு பாடம் கிடைக்கிறது. 1990இல் ஜோகன்னஸ்பர்க், சொவேட்டோ வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வு ஒன்றின் எலும்பு முறிவுக் கணக்கு 2009இல் வெளியானது. 15 வயதுக்குள் வெள்ளையினக் குழந்தைகளில் 41.5 விழுக்காட்டினருக்கு முறிவு ஏற்பட்டிருந்தது. கறுப்பினக் குழந்தைகளிடம் அது 19 விழுக்காடு. இதனை எலும்பின் பலவீனம் என்று மட்டும் கொள்ளலாமா? வெள்ளையினப் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிகளில் அதிகம் ஈடுபட்டனர் என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டிக் காட்டினர். திடலில் ஓடும் பிள்ளை விழும். சில வேளை கையும் முறியும். அந்த முறிவு எலும்பின் குறையைக் காட்டுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. பிள்ளை ஓடினான் என்பதையும் அது காட்டலாம்.

நம் பக்கத்தில்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இந்தியர், சீனர், மலாய்க்காரர் என மூவினத்தார் ஒன்றாக வாழும் சிங்கப்பூர், இக்கேள்விக்கு ஒரு நல்ல சான்றைத் தருகிறது. அங்கே முதியோரின் இடுப்பெலும்பு முறிவு 1960களிலும் 1990களிலும் கணக்கிடப்பட்டது. 1960களில் இந்தியரிடையேதான் விகிதம் உயர்ந்திருந்தது. 1990களில் அந்த இடத்தைச் சீனர்கள் பிடித்தனர். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் முறிவு விகிதம் ஆண்களிடையே ஒன்றரை மடங்கும் பெண்களிடையே ஐந்து மடங்கும் ஏறியிருந்தது.

முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஓரினத்தின் மரபணு மாறுவதில்லை. மாறியவை வேலை, உணவு, நடை, வாழும் இடம், ஆயுள் ஆகியவை. இந்தியரின் எலும்பு பிறப்பிலேயே பலவீனமானது என்று 1960களில் ஒருவர் எழுதியிருந்தால், ஒரு தலைமுறைக்குள்ளேயே அவர் தம் கூற்றைத் திருத்த வேண்டி வந்திருக்கும்.

கோலாலம்பூரில் 7 முதல் 12 வயதுவரையுள்ள 402 தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைபாடு. மேலும் 37 விழுக்காட்டினருக்கு அது போதாமை. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டில் இப்படி! வகுப்பறை, வேன், பிரத்தியேக வகுப்பு, வீடு, தொலைக்காட்சி, கைப்பேசி என்று நம் பிள்ளைகளின் நாள் கூரைக்குக் கீழேயே கழிகிறது. இதனோடு நம் வீடுகளில் மட்டும் ஒலிக்கும் ஒரு குரலும் உண்டு: "வெயில்ல ஆடாதே, கறுத்துப் போயிடுவே." பெண் பிள்ளைகளிடம் இதனை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறோம். கருநிறத் தோலுக்குக் கூடுதல் வெயில் தேவை என்று அறிவியல் சொல்ல, அந்நிறத்துக்கு அஞ்சியே பிள்ளையை வெயிலிலிருந்து மறைக்கிறோம். இது நம் இனத்தின் எலும்பில் உள்ள குறையா, நம் மனத்தில் உள்ள குறையா என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பள்ளிமணி அடித்தால்

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 1991இல் தொடங்கிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்துவந்த ஆய்வு ஒன்று, வளர்ச்சி மிக வேகமாக இருக்கும் ஈராண்டுகளில் மட்டும் ஒருவர் தம் வளர்ந்த எலும்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்கிறார் என்று காட்டியது. பலருக்கு அக்காலம் தொடக்கப்பள்ளியின் இறுதியிலும் இடைநிலைப்பள்ளியின் தொடக்கத்திலும் அமைகிறது. என் மாணவன் படிக்கட்டில் அமர்ந்திருந்த ஆண்டுகள் அந்தக் காலத்தின் வாசலில் இருந்தவை.

அதே கனடாவில் வான்கூவரை அடுத்த பகுதிகளில் ஹெதர் மெக்கே குழுவினர் ஆசிய, வெள்ளையினப் பள்ளிப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். ஆசியச் சிறுமியர் கால்சியம் குறைவாக உண்டனர். விளையாட்டிலும் குறைவாகவே ஈடுபட்டனர். இவை மாற்றக்கூடியவை அல்லவா? அவர்களே 2005இல் ஓர் எளிய திட்டத்தின் முடிவை வெளியிட்டனர். பள்ளிமணி அடிக்கும்போது பிள்ளைகள் எழுந்து பத்து முறை குதிக்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று வேளை. எட்டு மாதங்களில் தொடையெலும்பின் மேற்பகுதியில் தாது கூடியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2001இல் வெளிவந்த ஆய்விலும், பெட்டியிலிருந்து குதிக்கும் பயிற்சியை ஏழு மாதங்கள் செய்த சிறு பிள்ளைகளின் தொடையெலும்புக் கழுத்தில் தாது அளவு மற்றப் பிள்ளைகளைவிட 4.5 விழுக்காடு கூடியது.

இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. நம் பள்ளியிலும் மணி இருக்கிறது. உடற்கல்விப் பாடத்தைக் கணிதத்துக்கோ தேர்வுப் பயிற்சிக்கோ எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். நானும் அதைச் செய்தவள்தான். பாண்டி, பச்சைக்குதிரை, கயிறு தாண்டுதல் எல்லாம் எலும்புக்கான பயிற்சிகளே. வீட்டில் முள்ளோடு உண்ணும் நெத்திலி, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள கேழ்வரகு, முருங்கைக்கீரை, தயிர், பால், எள்ளுருண்டை ஆகியவை போதும். காலையிலோ மாலையிலோ சற்று வெயில் பட விளையாட விடுங்கள். சிறு காரணத்துக்கே மீண்டும் மீண்டும் எலும்பு முறியும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். அது இனத்தைப் பற்றிய கவலையன்று, அப்பிள்ளையைப் பற்றிய கவலை.

அன்று அந்தத் தந்தைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "ஐயா, நீங்கள் படித்தது பொய்யில்லை, ஆனால் அந்த எண்ணிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. உங்கள் மகனின் எலும்பு நம் இனத்தின் சராசரியில் இல்லை. அவனுடைய கையில் இருக்கிறது. அது நன்றாகக் கூடிவிட்டது. அவனைத் திடலுக்கு அனுப்புங்கள்." அவனுக்கு இப்போது இளைஞர் வயது. காலம் கடந்து இதை எழுதுகிறேன். இன்னும் யாரேனும் ஒரு பிள்ளை படிக்கட்டில் அமர்ந்திருந்தால், அப்பிள்ளைக்கு இது பயன்படட்டும்.